எட்டிம்ஆன்லைன்: தலையணிச் சொற்களில் உரசிப் பார்த்த ஒரு சொற்பிறப்பு அகராதி

ஹெட்கியர் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் ஊரில் பலருக்கு இடறுவது அதன் இரண்டாம் பாதிதான். கியர் என்றால் பைக்கில் காலால் மாற்றுவது, லாரியில் கையால் போடுவது. தலைக்கும் பல்சக்கரத்துக்கும் என்ன உறவு? சாதாரண அகராதி 'தலையில் அணிவது' என்று பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் அப்படி என்று சொல்வது சொற்பிறப்பு அகராதியின் வேலை. அந்த வேலையை இணையத்தில் இலவசமாகச் செய்யும் தளங்களில் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி முன்னால் நிற்கிறது. சுருக்கமாக எட்டிம்ஆன்லைன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் 2000-களின் தொடக்கத்தில் தனி ஆளாகக் கட்டத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி, சொற்பிறப்பு அறிஞர்களான வீக்லி, க்ளைன், பார்ன்ஹார்ட் போன்றோரின் அச்சு நூல்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பத்தியில் சாறு பிழிந்து கொடுப்பதே அதன் வழி.

தொப்பி, தலைப்பாகை, ஹெல்மெட் வகைச் சொற்களை மட்டும் வைத்து அதை இங்கே சோதிக்கக் காரணம் உண்டு. ஆங்கிலத்தின் எல்லா அடுக்குகளும் இந்தச் சிறு வட்டத்துக்குள் கிடைக்கின்றன. ஹேட், ஹுட் இரண்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். பானெட், கெர்ச்சீஃப் பிரெஞ்சு வழியாக வந்தவை. டர்பன் பாரசீகத்தில் கிளம்பித் துருக்கி வழியாகப் போனது. டோப்பி, பண்டானா இந்தியாவிலிருந்து கப்பலேறியவை. பௌலர், ஃபெடோரா, பனாமா ஆகியவற்றில் ஆளின் பெயரோ ஊரின் பெயரோ தொப்பிக்குப் பெயராகிவிட்டது. சோதித்ததில் தெரிந்தது இது: ஐரோப்பியப் பாதையில் வந்த சொற்களுக்கு முதலில் திறக்க வேண்டிய பக்கம் எட்டிம்ஆன்லைன்தான். இந்தியப் பாதையில் வந்தவற்றுக்கு அது தொடக்கம் மட்டுமே. அங்கே பக்கத்தில் இன்னும் இரண்டு அகராதிகளைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவைப் படிக்கும் முறை

தேடல் கட்டத்தில் கேப் என்று கொடுத்தால் ஒரே எழுத்துக்கூட்டில் பெயர்ச்சொல்லுக்கு ஒரு பதிவு, வினைச்சொல்லுக்கு ஒரு பதிவு என்று வரும். பெயர்ச்சொல்லை முதலில் திறக்க வேண்டும். தலையணிச் சொற்களில் வினை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்ததாகவே இருக்கும். பதிவின் தலையில் ஓர் ஆண்டோ, பத்தாண்டோ, நூற்றாண்டோ நிற்கும். ஹெட்கியருக்கு இருப்பது 1530-கள். இந்த எண்ணைத்தான் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள். சொல் அப்போது பிறந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. இன்று கைக்குக் கிடைத்திருக்கும் எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது அப்போது எழுதப்பட்டது, அவ்வளவுதான். பேச்சில் பல தலைமுறை முன்பே புழங்கியிருக்கலாம். 1700-க்கு முந்தைய ஆண்டுகளைத் தோராயமாகவே கொள்ளும்படி தளமும் சொல்கிறது.

இதே எண் வேறொரு வகையிலும் கைகொடுக்கும். பாலகிளாவா என்பது தலையையும் கழுத்தையும் மூடி முகத்தின் நடுப்பகுதியை மட்டும் வெளியே விடும் கம்பளிக் குல்லா. கிரைமியாவில் 1854 அக்டோபர் 25 அன்று பாலகிளாவா போர் நடந்தபோது குளிருக்காக வீரர்கள் அணிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பல இடங்களில் படிக்கலாம். எட்டிம்ஆன்லைன் தரும் ஆண்டோ 1881. இடையில் கால் நூற்றாண்டு இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் மூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் போர்க்களத்திலேயே அந்தக் குல்லாவை அப்படி அழைத்தார்கள் என்று எழுதினால் அதற்குச் சான்று கேட்பார்கள். ஒரு கதையையும் ஒரு ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கட்டுக்கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்தது நட்சத்திரக் குறி. ஒரு வடிவத்துக்கு முன்னால் அது இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததில்லை, உறவுமொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று பொருள். இதைக் கவனிக்காமல் நகலெடுத்துப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வேர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதைத் திறந்தால் அந்த வேரிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படும் ஆங்கிலச் சொற்கள் அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். தளத்தின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான்.

கியர்

கியர் பதிவு இந்த அகராதியின் நல்ல முகம். 1200 வாக்கில் சொல் ஆங்கிலத்தில் தென்படும்போது பொருள் போர்க்கவசமும் படைக்கருவியும். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் உடுப்பைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறது பதிவு. அதன் அடியில் இருப்பது 'ஆயத்தமாக்கு, தயார் செய்' என்ற ஜெர்மானிய வினை. பழைய ஆங்கிலத்திலேயே இதற்கு உடன்பிறப்பாக ஒரு சொல் இருந்தது. உடை, தளவாடம், அணிகலன் மூன்றும் அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் உடுப்பு, குதிரையின் சேணம், கருவிகள் என்று சொல் பரவுகிறது. பல்சக்கரம் என்ற பொருள் 1520-களில்தான் வருகிறது. வண்டியின் கியர் என்பது 1888 வாக்கில்.

ஆக ஹெட்கியரில் இருக்கும் கியர், பல்சக்கரத்துக்கு மூத்தது. 1530-களில் யாரோ ஒருவர் ஹெட்கியர் என்று எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது அணி. தமிழில் இதற்கு நேர் இணை கலன் என்ற சொல். அணிகலன், படைக்கலன், மரக்கலம், உண்கலம் என்று நகையிலிருந்து ஆயுதம், கப்பல், பாத்திரம் வரை ஒரே சொல் ஓடவில்லையா? மனிதன் ஒரு காரியத்துக்கு ஆயத்தமாகும்போது எடுத்துக்கொள்ளும் எல்லாமே கலன். கியரும் அப்படித்தான். மொழிபெயர்ப்பவர்கள் ஹெட்கியருக்குத் தலைக்கவசம் என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுவது பிழை. கவசம் ஹெல்மெட்டுக்குப் பொருந்தும். பூமாலை, முக்காடு, கிரீடம் எல்லாம் அடங்கும் பொதுச்சொல்லுக்குத் தலையணியே பொருத்தம்.

தலையிலிருந்து கைக்கு

ஹெட் பதிவுக்குள் போகும் முன் ஒரு விதியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். லத்தீனில் ககர ஒலியில் தொடங்கும் பழஞ்சொற்களுக்கு, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ஹகர ஒலியில் தொடங்கும் உறவுச்சொற்கள் இருக்கும். லத்தீன் கென்ட்டும், ஆங்கில ஹன்ட்ரட். லத்தீன் கானிஸ், ஆங்கில ஹவுண்ட். லத்தீன் கபுத், ஆங்கில ஹெட். கிரிம் விதி என்று பெயர் பெற்ற இந்த ஒலிமாற்றத்தை எட்டிம்ஆன்லைன் ஒவ்வொரு பதிவிலும் விளக்குவதில்லை. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போய்விடும். புதிதாக வருபவருக்கு 'இந்த இரண்டும் எப்படி ஒன்றாகும்?' என்று தோன்றுவது இதனால்தான். தளத்தின் மெய்யான குறைகளில் இது ஒன்று.

விதி தெரிந்துவிட்டால் தலையின் குடும்பம் விரிகிறது. கபுத் வழியாகக் கேப்டன், கேப்பிட்டல், சாப்டர் எல்லாம் வருகின்றன. சீஃப் என்பது பிரெஞ்சில் தலைக்கு இருந்த சொல். ஆங்கிலம் அதை இடைக்காலத்தில் ஒருமுறை வாங்கிச் சீஃப் ஆக்கியது. அதே சொல்லை 19ஆம் நூற்றாண்டில் சமையலறை வழியாக மறுபடி வாங்கி ஷெஃப் என்று வைத்துக்கொண்டது. தலைமைச் சமையல்காரரைத் தமிழிலும் தலையை வைத்தே சொல்கிறோம்.

இதே சீஃப்தான் கெர்ச்சீஃபின் வாலில் இருக்கிறது. முன்பாதி 'மூடு' என்ற பிரெஞ்சு வினை. கெர்ச்சீஃப் என்றால் தலைமூடி. (அதே வினையோடு நெருப்பைச் சேர்த்தால் வருவது கர்ஃப்யூ: இரவு மணி அடித்ததும் அடுப்பு நெருப்பை மூடிவிட வேண்டும் என்ற கட்டளை.) பிறகு கையில் வைத்துக்கொள்ளும் துணிக்கு 16ஆம் நூற்றாண்டில் ஹேண்ட்கெர்ச்சீஃப் என்று பெயரிட்டார்கள். சொல்லுக்குச் சொல் பிரித்தால் கை, மூடி, தலை. கழுத்துக்கு வந்தபோது நெக்கர்ச்சீஃப். பெயரில் தலை இருப்பதை அதற்குள் எல்லோரும் மறந்தாயிற்று.

தமிழில் இதே பயணம் திசைமாறி நடந்திருக்கிறது. உருமால் என்பது பாரசீக ரூமால். ரூ முகம், மால் துடைப்பது. முகம் துடைக்கும் துணி நம்மிடம் வந்து தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொங்குப் பகுதித் திருமணச் சீர்களில் மாப்பிள்ளைக்குக் கட்டுவது உருமால்தான். ஆங்கிலத்தில் தலைத்துணி கைக்கு இறங்கியது, தமிழில் முகத்துணி தலைக்கு ஏறியது. எட்டிம்ஆன்லைனில் கெர்ச்சீஃபைப் படித்த கையோடு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் உருமாலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உரை எழுதுவது போல இருக்கும்.

கேப்பின் கிளைகள்

தமிழில் தொப்பி என்று ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. சுற்றிலும் விளிம்பு இருந்தால் ஹேட். விளிம்பு இல்லாமலோ முன்னால் மட்டும் மறைப்பு நீட்டியோ இருந்தால் கேப். கேப்பின் மூலம் பிற்கால லத்தீன் காப்பா: தலையையும் சேர்த்துப் போர்த்தும் அங்கி. தலையைக் குறித்த கபுத்திலிருந்து அது வந்திருக்கலாம் என்று 'இருக்கலாம்' போட்டே தளம் சொல்கிறது. அந்த அங்கியின் பெயர் நீண்ட உயிரோடு கெய்ப் ஆனது. தலைப்பகுதி மட்டும் கேப் ஆனது.

இங்கே வேர்களைப் பின்தொடர்ந்து சொடுக்கிக்கொண்டே போகலாம், பொழுது போவது தெரியாது. பிரான்சின் தூர் நகரப் புனித மார்ட்டின் தன் அங்கியை வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார் என்பது மரபு. மிச்சத் துணியைப் பிராங்க் அரசர்கள் திருப்பொருளாகக் காத்தார்கள். 'சிற்றங்கி' என்ற பொருளில் காப்பெல்லா என்பது அதை வைத்திருந்த சிறுகோவிலின் பெயராகி, சாப்பல் என்று ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கியைக் காத்தவர் சாப்ளின். இளம்பெண்ணுக்குத் துணையாகப் போகும் மூத்த பெண்மணியைக் குறிக்கும் ஷாப்பரோன் முதலில் ஒரு முக்காட்டின் பெயர். மறைத்துக் காப்பதால் ஆளுக்கும் ஆயிற்று. எஸ்கேப் என்பது காப்பாவிலிருந்து வெளியேறுவது. துரத்துபவன் கையில் அங்கி மட்டும் மிஞ்சுகிறது.

ஹேண்டிகேப்புக்காகவே இந்தத் தளத்தைப் பாராட்டலாம். உடற்குறை உள்ளவர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்ததால் வந்த சொல் என்று ஒரு கதை உலகெங்கும் சுற்றுகிறது. அது தவறு. 17ஆம் நூற்றாண்டில் அது ஒரு பந்தய விளையாட்டு: 'தொப்பிக்குள் கை'. சமமில்லாத இரண்டு பொருட்களை மாற்றிக்கொள்ள விரும்பும் இருவர் ஒரு நடுவரை வைப்பார்கள். மூவரும் தொப்பியில் பணயப் பணம் போடுவார்கள். எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும் என்று நடுவர் அறிவித்ததும் இருவரும் தொப்பிக்குள்ளிருந்து கையை எடுப்பார்கள். கையில் காசு இருந்தால் சம்மதம், வெறுங்கை என்றால் மறுப்பு. இருவரும் ஒரே முடிவு எடுத்தால் பணயம் நடுவருக்குப் போகும். 1754 வாக்கில் இது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வலிய குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளிப்பார். சுமை, பாதகம் என்ற பொருள் அங்கிருந்து வந்தது. உடற்குறை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகே படிகிறது. இத்தனை படிகளையும் ஆட்ட விதியோடு ஒரு பத்தியில் அடக்கியிருக்கிறது எட்டிம்ஆன்லைன். இந்தச் சொல்லைக் குறித்துக் கசப்போடு பேசுபவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சொல்லைத் தவிர்க்க இன்று வேறு நல்ல காரணங்கள் உண்டு. பிச்சைக் கதை அதில் சேராது.

ஹேட், ஹுட் பதிவுகள் சிறியவை. பழைய நார்ஸில் ஹேட்டின் உறவுச்சொல் முக்காட்டைக் குறித்தது. ஜெர்மனில் ஹுட்டின் உறவுச்சொல் இன்று தொப்பியைக் குறிக்கிறது. இரு சொற்களும் மொழிக்கு மொழி இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. அடிவேர் உறுதியில்லை என்று தளம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பானெட்டுக்கும் அப்படியே. அது முதலில் தொப்பி தைக்கப் பயன்பட்ட ஒரு துணியின் பெயர். துணியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நம் மெக்கானிக்குகள் காரின் பானெட்டைத் திறக்கிறார்கள், அமெரிக்கர்கள் அதையே ஹுட் என்கிறார்கள். இருநாட்டாரும் என்ஜினுக்குத் தொப்பி மாட்டியிருக்கிறார்கள்.

ஹெல்மெட் 15ஆம் நூற்றாண்டில் தென்படுகிறது. ஹெல்ம் என்ற பழைய சொல்லின் சிறுமை வடிவம். வேர்ப் பக்கத்தைத் திறந்தால் 'மூடு, மறை, காப்பாற்று' என்ற பொருளில் ஒரு மீட்டுருவாக்க வேரும், அதன் கீழே ஹால், ஹெல், ஹோல், செல், கன்சீல், கலர் ஆகியவையும் வரிசையாக இருக்கும். இங்கேயும் கிரிம் விதியைப் பார்க்கலாம்: லத்தீன் வழி வந்தவை ககரத்தில் தொடங்கின, ஜெர்மானியச் சொற்கள் ஹகரத்தில். அதே பட்டியலில் குடில், கூடம் என்ற பொருளில் சமஸ்கிருதச் சாலாவும் இருக்கிறது. பாடசாலையின் சாலை அதுதான். ஆனால் கண்டுபிடிப்பது எளிதில்லை. தளம் சமஸ்கிருதச் சொற்களை மேற்குறிகள் இல்லாத பழைய ரோமன் எழுத்துக்கூட்டில் தருவதால் சகரமும் ககரமும் மயங்கும். சமஸ்கிருத, பாரசீக வடிவங்களை அங்கிருந்து நேராக எடுத்துத் தமிழில் எழுதக் கூடாது. வேறோர் அகராதியில் உச்சரிப்பைச் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும்.

பெயர் ஏறிய தொப்பிகள்

பௌலர் தொப்பிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. லண்டனின் பௌலர் என்ற தொப்பிக்காரர் பெயர் என்பது ஒன்று. கிண்ணத்தைக் குறிக்கும் பௌல் என்ற சொல்லே காரணம் என்பது மற்றொன்று. 1849-ல் லாக் என்ற தொப்பி நிறுவனம் வழியாக எட்வர்ட் கோக் என்பவருக்காகப் பௌலர் சகோதரர்கள் செய்து கொடுத்தது என்ற வரலாறு தொப்பி வணிகர்களிடம் பெயர்பெற்றது. எட்டிம்ஆன்லைன் இரண்டையும் வைக்கிறது. அது சரியான அணுகுமுறை.

ஃபெடோரா இன்று ஆண்களின் தொப்பி. 1882-ல் மேடையேறிய விக்தோரியென் சார்தூ எழுதிய பிரெஞ்சு நாடகத்தில் ஃபெடோரா என்ற ருஷ்ய இளவரசியாக நடித்தவர் சாரா பெர்னார்ட். நாயகியின் பெயர் தொப்பிக்கு வந்தது. முதலில் அதை அணியத் தொடங்கியவர்கள் பெண்கள். பனாமா தொப்பி பனாமாவில் செய்யப்படுவதில்லை. எக்வடோர் நாட்டில் தொக்கியா என்ற ஓலை நாரால் பின்னுகிறார்கள். 2012-ல் அந்தப் பின்னல் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. விற்பனைக்குப் பனாமா பூசந்தி வழியாகப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சந்தை நடந்த ஊரின் பெயர் சரக்குக்கு வருவது வணிகச் சொற்களில் வழக்கமானது. அப்படிப்பட்ட சொல்லைப் பார்த்தால் உற்பத்தி எங்கே, ஏற்றுமதி எங்கே என்று தனித்தனியாகத் தேட வேண்டும்.

இந்தியப் பாதை

டர்பன் பதிவு நன்றாக இருக்கிறது. பாரசீகத்தில் துல்பந்த், துருக்கியில் தூல்பென்ட், இத்தாலியில் துர்பாந்தே, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம். ட்யூலிப் மலரும் இதே சொல்தான், மலர்ந்த பூ தலைப்பாகை போல இருப்பதால். லகரம் ரகரமாக மாறியது போர்ச்சுக்கீசியர் வசமிருந்த இந்தியப் பகுதியில் நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற குறிப்பும் இருக்கிறது.

டோப்பியில்தான் தளம் தடுமாறுகிறது. இந்தி டோப்பி, அது ஒருவேளை போர்ச்சுக்கீசிய 'உச்சி' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்ற அளவில் பதிவு முடிந்துவிடுகிறது. இங்கே அடுத்த அகராதிக்குப் போக வேண்டும்: ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886-ல் வந்தது, 1903-ல் வில்லியம் க்ரூக் திருத்திய இரண்டாம் பதிப்பு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதிகள் தளத்தில் முழு நூலும் இலவசம். போர்ச்சுக்கீசிய விளக்கத்தை ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக்காட்டிவிட்டு, உடனே மறுப்பையும் வைக்கிறது. இந்தியில் டோப் என்று தலைக்கவசத்துக்கு எளிய சொல் இருக்கிறது. 1498-ல் வாஸ்கோ ட காமாவின் முதல் பயணத்தில் கோழிக்கோட்டில் எழுதி வைத்த சொற்பட்டியலில் தொப்பிக்கு நேராகத் துப்பி என்று இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வந்து இறங்கியபோதே இங்கே சொல் இருந்தது என்றால் அவர்கள் கொண்டுவந்த சொல்லாக அது எப்படி ஆகும்? ஒரே ஒரு மேற்கோள், வழக்கு திசை திரும்பிவிட்டது. எட்டிம்ஆன்லைனில் இப்படிப்பட்ட முதல் மேற்கோள் வாக்கியங்கள் பெரும்பாலும் இருக்காது. அதன் பெரிய குறை எதுவென்றால் அதுதான்.

ஹாப்சன்-ஜாப்சனில் தேடும்போது தலைச்சொற்கள் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டில் இருப்பதை மறக்கக் கூடாது. இன்றைய எழுத்துக்கூட்டில் கிடைக்காவிட்டால் சொல்லின் இறுதி உயிரை ஆங்கிலத்தின் இரட்டை 'ee' எழுத்தாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதே நூலில் டோப்பாஸ் என்ற பதிவையும் படிக்கலாம். போர்ச்சுக்கீசிய வம்சாவளி சொல்லிக்கொண்ட கலப்பினக் கிறிஸ்தவர்களுக்கு 17, 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இருந்த பெயர். தொப்பி அணிந்ததால் என்பது எளிய விளக்கம். இருமொழியாளரைக் குறித்த துபாஷி, அதாவது தமிழில் துப்பாசி என்று வழங்கிய சொல்லே மூலம் என்பது மற்றொரு விளக்கம். தொப்பி என்ற ஒலி ஒற்றுமை எவ்வளவு எளிதில் ஆளை இழுத்துவிடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

சோலார் டோப்பி இன்னொன்று. வெயிலுக்குப் போடும் தொப்பி, ஆகவே சூரியனைக் குறிக்கும் சோலார் என்று ஆங்கிலேயர்களே நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது ஷோலா என்ற நீர்ச்செடி, தாவரவியலில் ஈஸ்கினோமினே ஆஸ்பெரா. அதன் வெண்ணிறத் தக்கையை அடுக்கி ஒட்டிச் செய்தது தொப்பி. ஷோலா சோலாவாகி, ஆங்கிலேயர் வாயில் சோலார் ஆயிற்று. தமிழில் அந்தச் செடிக்குப் பெயர் நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலையில் பெரிய கோவிலின் மாதிரியைச் செதுக்குவதும் மாட்டுப்பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவதும் இதே தக்கையில்தான். துரைமார் தலையில் இருந்ததும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கோபுரமும் ஒரே செடி.

பண்டானா பதிவு எட்டிம்ஆன்லைனில் தேறுகிறது. இந்தியில் பாந்த்னூ என்பது துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் முறை, நம் மதுரைச் சுங்குடி போல. 'கட்டு' என்ற பொருளுள்ள வேர்ப் பக்கத்துக்குப் போனால் பைண்ட், பேண்ட், பாண்ட் எல்லாம் அங்கே இருக்கும். சமஸ்கிருத வழியாக நமக்கு வந்த பந்தம், சம்பந்தம் இரண்டும் அந்தக் குடும்பம். பந்தலைச் சேர்த்துவிடக் கூடாது. அது சங்கப் பாடல்களில் பந்தர் என்று வரும் சொல். பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது. அதுவும் அதே சிகாகோ தளத்தில் கிடைக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவி என்றால் மூடு, கேப் தலையை மூடுவது, ஆகவே கேப் தமிழ் என்று முடித்துவிடும் இணையப் பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன. தமிழ்மீது உள்ள அன்பால் எழுதப்படுபவை. ஆனால் சொல் கடன் போனதென்றால் யார் கொண்டுபோனார்கள், எந்த நூற்றாண்டில், இடையில் எந்த மொழியில் எந்த வடிவில் நின்றது என்ற படிகள் வேண்டும். லத்தீன் காப்பாவுக்கு அந்தப் படிகள் எழுத்தில் இருக்கின்றன. கவிக்கு இல்லை. நம் நாவில் அன்றாடம் இருக்கும் தொப்பி, குல்லா இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. குல்லா பாரசீகக் குலாஹ். வந்த சொல்லை வந்த சொல் என்று பதிவு செய்யும் துணிச்சல் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ்ப் பேரகராதியிடம் இருந்தது.

மற்ற அகராதிகளோடு

காசு கொடுத்தால் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்கு இணை இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள் வரிசை தருகிறது. சந்தா வேண்டும். கல்லூரி நூலகம் வழியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. அங்கேயும் பதிவின் வயதைப் பார்க்க வேண்டும். 2000-ல் தொடங்கிய திருத்தப் பணி இன்னும் எல்லாச் சொற்களையும் எட்டவில்லை. சில பதிவுகள் 1928-ல் நிறைவடைந்த முதல் பதிப்பின் விளக்கத்தையே சுமந்துகொண்டிருக்கும். அது பதிவிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

மெரியம்-வெப்ஸ்டர் இலவசம், சுருக்கம். அது தரும் 'முதல் புழக்கம்' ஆண்டு முதல் எண்ணிட்ட பொருளுக்கு மட்டும் உரியது. மற்ற பொருள்களுக்கும் அதே ஆண்டைப் போட்டால் தப்பாகிவிடும். விக்சனரியின் பலம் மூல எழுத்து. பாரசீகச் சொல் பாரசீக எழுத்திலும் தமிழ்ச் சொல் தமிழ் எழுத்திலும் இருக்கும், எட்டிம்ஆன்லைன் விட்ட உச்சரிப்பு அங்கே கிடைக்கும். யாரும் திருத்தலாம் என்பதால் மேற்கோள் நூல் காட்டாத பத்தியை எடுத்தாளாமல் இருப்பது பாதுகாப்பு.

எட்டிம்ஆன்லைன் பொருளகராதியாகப் பயன்படாது. மாணவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஒரு சொல் 600 ஆண்டுகளுக்கு முன் என்ன பொருளில் இருந்தது என்பதைச் சொல்லும், இன்று எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லாது. கியர் என்றால் கவசம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

தளத்தில் இன்னும் விரிய வேண்டிய ஒரு பதிவு மெட்ராஸ். நம் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான கட்டம்போட்ட பருத்திக் கைக்குட்டைத் துணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், மார்ட்டினிக், குவாடலூப், செயின்ட் லூசியா பெண்களின் தலைக்கட்டாயிற்று. அங்கே இன்றும் மரபுடையில் அதற்கு இடம் உண்டு. ஆங்கிலப் பதிவில் ஊர்ப்பெயருக்குக் கீழே துணியாக ஒரு சிறு குறிப்போடு அது நின்றுவிடுகிறது. பிரெஞ்சு அகராதி ஒன்றில் மத்ராஸ் என்று சிற்றெழுத்தில் தொடங்கிப் பொதுப்பெயராகத் தேடிப் பாருங்கள். துணியின் பெயராகவும், தலையில் கட்டும் வண்ணத்துணியின் பெயராகவும் நம் ஊர் அங்கே இருக்கும்.